பேரப்பிள்ளைகளோட கான்கூன் போறீங்களா? புறப்படுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

[இது ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை விட்டுவிடாமல், படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.]

நான் செந்துறையிலிருந்து பேசுறேன். 30 வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடத்துல சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். என் மகள் டெக்சாஸ்ல இருக்கா. அவ வீட்டுக்குப் போனப்போ ஒரு தடவை மெக்சிகோவுல கான்கூன், இன்னொரு தடவை கோஸ்டா ரிகா, ரெண்டு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனா. அதுக்கப்புறம் நம்ம பக்கத்துல யார் வீட்டுப் பிள்ளையாவது "அம்மா, லீவுக்கு எல்லாருமா கான்கூன் போலாம்"னு சொன்னா, உடனே எனக்குப் போன் வந்துடுது. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னதை மொத்தமா ஒரே எபிசோட்ல சொல்லிடலாம்னுதான் இன்னைக்கு வந்திருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஆளுங்க வெளிநாடுன்னா குளிருக்குப் பயப்படுவாங்க, கொசுவுக்குப் பயப்படுவாங்க, சாப்பாட்டுக்குப் பயப்படுவாங்க. மெக்சிகோ, கோஸ்டா ரிகா, டொமினிக்கன் குடியரசு இதெல்லாம் வெப்ப மண்டல நாடுங்க. வெயில், புழுக்கம், மழை, வாழைமரம், பப்பாளி எல்லாம் நமக்குப் பழகினதுதான். அங்க நமக்குப் பழகாதது மூணு: காகிதம், பாஷை, கடல். டூர் கெட்டுப்போகுதுன்னா பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணாலதான். அதனால தயாரிப்பை எல்லாம் அந்த மூணுக்குச் செலவு பண்ணுங்க.

எந்த நாடு? மஞ்சள் காய்ச்சல் கணக்கு

ஸ்பானிஷ் பேசுற வெப்ப மண்டல நாடுங்க நிறைய இருக்கு. பிள்ளைங்க டிக்கெட் விலையை வச்சு முடிவு பண்ணுவாங்க. 60 வயசு தாண்டினவங்க கூட வர்றாங்கன்னா, முதல்ல பார்க்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல். இது நம்ம ஊர் மஞ்சள் காமாலை இல்ல. கொசு மூலமா பரவுற வேற நோய். பனாமா, கொலம்பியா, பெரு, எக்குவடார், பொலிவியா, வெனிசுலா இந்த நாடுங்க எல்லாம் இந்திய அரசோட மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கு.

அங்கெல்லாம் தங்கிட்டு 6 நாளுக்குள்ள இந்தியாவுக்குள்ள வந்தீங்கன்னா, தடுப்பூசி போட்ட சான்றிதழ் கேப்பாங்க. இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்துல இடம் இருக்கு. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். முந்தின நாள் போட்டுக்கிட்டா ஆகாது. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும்னு 2016ல விதியை மாத்திட்டாங்க. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, முன்பதிவு பண்ணிட்டுப் போகணும்.

ஆனா 60 வயசுக்கு மேல முதல் தடவையா அந்த ஊசி போட்டுக்கிறவங்களுக்குப் பெரிய பக்கவிளைவு வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். அதனால டாக்டர்கிட்ட கேக்காம போடக்கூடாது. மெக்சிகோ, கோஸ்டா ரிகா, டொமினிக்கன் குடியரசு, கியூபா இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இல்ல. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதுக்குள்ளயே ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா ஒரு தலைவலி குறையும். "கோஸ்டா ரிகா போயிட்டு அப்படியே பனாமா கால்வாயையும் பார்த்துட்டு வரலாம்"னு யாராவது சொன்னா, இந்த ஊசி விஷயத்தை ஞாபகப்படுத்துங்க.

விசா: இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க

இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேணும். ஆனா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், இல்ல ஷெங்கன் நாடுகளோட செல்லுபடியாகுற விசா பாஸ்போர்ட்ல இருந்தா, தனியா மெக்சிகோ விசா எடுக்காமலே சுற்றுலாவுக்குப் போகலாம். கிரீன் கார்டு இருந்தாலும் போகலாம். பிள்ளைங்களைப் பார்க்கப் போற நம்ம அப்பா அம்மாக்களுக்கு 10 வருஷ பி1/பி2 விசா இருக்கும். அது உயிரோட இருந்தா போதும்.

சிக்கல் அப்பா அம்மாவுக்கு இல்ல, பிள்ளைக்கு. எங்க தெருவுல ஒருத்தர் வீட்டுல நடந்தது இது. மகனும் மருமகளும் எச்-1பி. அவங்க பாஸ்போர்ட்ல இருந்த விசா ஸ்டாம்ப் தேதி முடிஞ்சிருந்தது. ஆனா வேலை அனுமதி நீட்டிச்ச ஐ-797 காகிதம் கையில இருந்தது, அமெரிக்காவுல இருக்க அதுவே போதும். "30 நாளுக்குள்ள மெக்சிகோ போய் வந்தா பழைய ஸ்டாம்ப்பே செல்லும்"னு நண்பர்கள் சொன்னாங்க. அப்படி ஒரு விதி நிஜமாவே இருக்கு. ஆனா அது அமெரிக்காவுக்குத் திரும்பி வர்றதுக்கான விதி. மெக்சிகோவுக்குள்ள போறதுக்கான விதி இல்ல! மெக்சிகோவுக்கு வேணும்கிறது தேதி முடியாத விசா. விமான நிலையக் கவுண்டர்ல அப்பா அம்மாவுக்கு போர்டிங் பாஸ் கொடுத்தாங்க, மகனுக்கும் மருமகளுக்கும் கொடுக்கல. ஹோட்டல் பணம் திரும்ப வராத வகை. ஒரு வருஷ சேமிப்புல பாதி அன்னைக்கே போச்சு.

ஸ்டாம்ப் முடிஞ்சவங்க என்ன பண்ணலாம்? அமெரிக்காவுல இருக்கிற மெக்சிகோ தூதரகத்துல மெக்சிகோ விசாவே எடுத்துட்டுப் போகலாம். திரும்பி வர்ற விதியைப் பத்தி கம்பெனியோட குடியேற்ற வக்கீல்கிட்ட எழுத்துல கேட்டுக்குங்க. வாட்ஸ்அப் குரூப்ல கேட்டதை நம்பி டிக்கெட் போடாதீங்க.

அப்பா அம்மாவுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல இறங்கினப்போ கொடுத்த 6 மாச கெடு, மெக்சிகோ போய் வந்தா புதுசா ஆரம்பிக்கும்னு நினைக்காதீங்க. சின்ன டூருக்கு அப்படி உரிமையா கிடைக்காது. ஐ-94ல என்ன தேதி இருக்கோ அதை வச்சே இந்தியா டிக்கெட்டைப் போடுங்க.

கோஸ்டா ரிகாவும் டொமினிக்கன் குடியரசும் அமெரிக்க விசா வச்சிருக்கிறவங்களை விடுறாங்க. ஆனா எந்த வகை விசா, இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கணும்னு ஒவ்வொரு நாட்டுக்கும் நிபந்தனை வேற. விதி அடிக்கடி மாறும். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவை அந்த நாட்டுத் தூதரக இணையதளத்துல பாருங்க. இந்தியாவுலேருந்து நேரா போறவங்க, வழியில அமெரிக்காவுல விமானம் மாறினாலே அமெரிக்க விசா வேணும்கிறதை மறக்காதீங்க. வெளியில போகாம ஏர்போர்ட்டுக்குள்ளயே இருந்தாலும் வேணும்.

இனிஷியல் பிரச்சினை

இது தமிழ் ஆளுங்களுக்கே உள்ள பிரச்சினை. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. சிலர் பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேம் கட்டத்துல இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியா இருக்கும். அமெரிக்க விசாவுல ஒத்தைப் பேர்காரங்களுக்கு எஃப்.என்.யூ. அப்படின்னு மூணு எழுத்து போட்டிருப்பாங்க. ஸ்பானிஷ் நாடுகள்ல இதுக்கு நேர் எதிர். அங்க ஒரு ஆளுக்கு ரெண்டு குடும்பப் பேர். அப்பா வழி ஒண்ணு, அம்மா வழி ஒண்ணு. படிவத்துல 'நோம்ப்ரே'ன்னு இருந்தா உங்க பேர், 'அபெயீதோ'ன்னு இருந்தா சர்நேம். பாஸ்போர்ட்ல எந்தக் கட்டத்துல எது இருக்கோ, டிக்கெட், ஹோட்டல், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் எழுத்து மாறாம அதே மாதிரி போடுங்க. "எஸ். செல்வி"ன்னு டிக்கெட் போட்டுட்டு பாஸ்போர்ட்ல "செல்வி சுப்பிரமணியன்"னு இருந்தா, கவுண்டர்ல நிக்க வேண்டியதுதான். பாஸ்போர்ட் 6 மாசத்துக்கு மேல செல்லுபடியாகணும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

எந்த மாசம் போகலாம்?

கரீபியன் கடல் பக்கம் புயல் காலம் ஜூன் 1லேருந்து நவம்பர் 30 வரைக்கும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் உச்சம். 2005 அக்டோபர்ல வில்மாங்கிற புயல் கான்கூனைப் புரட்டிப் போட்டது. கோடை விடுமுறையில விலை குறைவா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாசங்கள்ல போனா, பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி முன்பதிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, சர்காசோன்னு ஒரு கடல்பாசி. 2011லேருந்து அந்தக் கரைகள்ல வருஷா வருஷம் பழுப்பு நிறத்துல ஒதுங்குது. ஏப்ரல்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் அதிகம். அழுகினா முட்டை அழுகின வாடை அடிக்கும். படத்துல பார்த்த நீலக்கடல் நேர்ல இல்லையேன்னு பிள்ளைங்க அழும். டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் வானிலை நல்லா இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

மருந்தும் இன்சூரன்ஸும்

அமெரிக்காவுக்குன்னு அப்பா அம்மாவுக்கு எடுக்கிற விசிட்டர் இன்சூரன்ஸ் மெக்சிகோவுல செல்லுமான்னு பாலிசியில பாருங்க. பல பாலிசி அமெரிக்காவோட நின்னுடும். சுற்றுலா இடங்கள்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகள் முதல்ல கார்டைக் கேட்டுட்டுத்தான் கட்டில்ல படுக்க வைப்பாங்க. நாலு நாளுக்குன்னாலும் தனியா ஒரு பயண இன்சூரன்ஸ் எடுத்துடுங்க.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கைப்பையில வைங்க, பெட்டியில போடாதீங்க. டாக்டர் சீட்டு ஆங்கிலத்துல, மருந்தோட மூலப்பெயரோட இருக்கணும். சளி மாத்திரையில சூடோஎஃபெட்ரின் இருக்கான்னு அட்டையில பாருங்க. அந்த மருந்துக்கு மெக்சிகோவுல தடை. தெருமுனை மருந்துக்கடையில "வலிக்கு நல்ல மாத்திரை"ன்னு உதிரியா கொடுத்தா வாங்காதீங்க. போலி மாத்திரை விக்கிறதா அமெரிக்க சுகாதாரத் துறையே எச்சரிச்சிருக்கு. கொசுவைப் பொறுத்தவரைக்கும் டெங்கு அங்கயும் உண்டு, பகல்லயே கடிக்கும். நம்ம ஊர்லயும் இதேதானேன்னு அசால்ட்டா இருக்காம களிம்பு தடவிக்கோங்க. அவசரத்துக்கு மெக்சிகோ, கோஸ்டா ரிகா, டொமினிக்கன் மூணுலயும் 911தான்.

ஸ்பானிஷ்: தமிழ் நாக்குக்கு எளிது

பயப்படாதீங்க. இங்கிலீஷ்காரங்களை விட நமக்கு இந்த உச்சரிப்பு சுலபமா வரும். அவங்க 'த' நம்ம 'த' மாதிரியே பல்லுல நாக்கு பட்டு வரும். மேல ஒரு நெளிவு போட்ட 'ன' எழுத்து ஒண்ணு இருக்கு, அது அச்சு அசல் நம்ம 'ஞ'. நாளைக்குங்கிறதுக்கு 'மஞானா'. 'ர'வும் 'ற'வும் அங்கயும் தனித்தனி. 'பேரோ'ன்னா 'ஆனால்', 'பேறோ'ன்னா நாய். வாத்தியார் நமக்கு ர, ற அடிச்சு சொல்லிக் கொடுத்தது வீண் போகல.

நீ, நீங்க வித்தியாசமும் உண்டு. 'தூ'ன்னா நீ, 'உஸ்தெத்'னா நீங்க. பெரியவங்க, கடைக்காரர், போலீஸ், யாரா இருந்தாலும் 'உஸ்தெத்' போட்டுப் பேசுங்க. எது கேக்கிறதுக்கு முன்னாடியும் 'புவேனோஸ் தியாஸ்'னு வணக்கம் சொல்லிட்டு ஆரம்பிச்சா முகமே மலரும். நேரா விலை கேட்டா மரியாதைக் குறைவா நினைப்பாங்க.

உங்களைப் பார்த்து "நீங்க இந்தூவா?"ன்னு கேப்பாங்க. மதம் கேக்கல. அங்க பல பேருக்கு 'இந்தூ'ன்னா இந்தியாக்காரங்கன்னு அர்த்தம். நீங்களா சொல்லும்போது 'ஸோய் தே லா இந்தியா', அதாவது நான் இந்தியாவுலேருந்து வர்றேன்னு சொல்லுங்க. 'இந்தியோ'ன்னு சொல்லாதீங்க. அது அந்த நாட்டுப் பழங்குடி மக்களைக் குறிக்கிற சொல், பல நேரம் இழிவாவும் பயன்படுத்துறாங்க.

இந்த நாலு வாக்கியத்தை ஒரு சீட்டுல எழுதிப் பையில வைங்க.
- மெதுவா பேசுங்க: தெஸ்பாசியோ, போர் ஃபவோர்.
- டாக்டர் வேணும்: நெசெசீதோ உன் மேதிகோ.
- எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு: ஆண் சொன்னா 'ஸோய் தியாபேதிகோ', பெண் சொன்னா 'ஸோய் தியாபேதிகா'.
- எவ்வளவு: குவாந்தோ குவெஸ்தா?

சைவக்காரங்க என்ன சாப்பிடலாம்?

'கார்நே இல்லாம'ன்னு சொன்னா மாட்டுக்கறி, பன்றிக்கறியை மட்டும் எடுத்துட்டுக் கோழியைப் போட்டுக் கொண்டு வருவாங்க. அதனால மூணையும் சொல்லணும்: 'சின் கார்நே, சின் போயோ, சின் பெஸ்காதோ'. கறி, கோழி, மீன் இல்லாம. இதுக்கு அப்புறமும் ரெண்டு இடம் பாக்கி. மசிச்ச பீன்ஸைப் பல இடத்துல 'மந்தேகா'வுல தாளிப்பாங்க. அது பன்றிக் கொழுப்பு. 'மந்தேகீயா'ன்னா வெண்ணெய். ஒரு அசைதான் வித்தியாசம், கவனம். அடுத்து, சோறு. தண்ணிக்குப் பதிலா கோழி வேகவச்ச சாறுல வடிப்பாங்க. 'சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ'ன்னு சேர்த்துச் சொல்லுங்க.

ரொட்டியில மக்காச்சோள தோர்தீயா கேளுங்க: 'தே மாயிஸ்'. பெரம்பலூர்ப் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போற அதே மக்காச்சோளம்தான், அங்க அதுதான் சோறு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு அரைச்சுத் தட்டுவாங்க, பெரும்பாலும் வேற எதுவும் சேராது. மைதா தோர்தீயாவுலதான் கொழுப்பு சேர்ப்பாங்க. கோஸ்டா ரிகாவுல சாதாரண ஓட்டல்ல 'கஸாதோ'ன்னு ஒரு தட்டு: சோறு, கறுப்பு பீன்ஸ், காய், வாழைப்பழம் வறுத்தது. 'கஸாதோ வெஹெதாரியானோ'ன்னு கேட்டா நம்ம அளவுச் சாப்பாடு மாதிரி வயிறு நிறையும். காரத்துக்கு அபனேரோன்னு ஒரு மிளகாய் வைப்பாங்க. மிளகாய் நம்மளுதுன்னு வீராப்பு காட்டாதீங்க. மிளகாயே அந்தப் பக்கத்துலேருந்து நமக்கு வந்ததுதான். நாக்கு நுனியில வச்சுப் பாருங்க முதல்ல.

நான் சொல்றது, சமையலறை இருக்கிற வீடா எடுங்க. குடிக்காத, கறி சாப்பிடாத பெரியவங்களுக்கு 'ஆல் இன்க்ளூசிவ்' ஹோட்டல்னா, அடுத்தவங்க குடிக்கிறதுக்கும் சேர்த்து நீங்க பணம் கட்டுற மாதிரி. சூப்பர் மார்க்கெட்ல அரிசி, பருப்பு, எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். சௌசௌவுக்குச் 'சயோதே', மரவள்ளிக்கு 'யூக்கா', கொய்யாவுக்குக் 'குவாயாபா', சப்போட்டாவுக்குச் 'சிகோ சபோதே'. சப்போட்டாங்கிற பேரே ஸ்பானிஷ் வழியா வந்ததுதான், அந்த மரத்தோட சொந்த ஊர் அந்தப் பக்கம். நம்ம வயல் வரப்புல தீண்டாத சப்பாத்திக்கள்ளியை முள் சீவி 'நோபால்'னு காயா விக்கிறாங்க. தயிர் பெரும்பாலும் சர்க்கரை போட்டது, அதனால 'சின் அசூகார்' இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

செந்துறைக்காரங்களுக்கு ஒரு வேடிக்கை. நம்ம முந்திரிக்கு மெக்சிகோவுல என்ன பேர் தெரியுமா? 'நுவெஸ் தே லா இந்தியா', இந்தியக் கொட்டை! முந்திரி மரம் பிரேசில்லேருந்து போர்ச்சுக்கீசியர் மூலமா நமக்கு வந்தது. அங்க அதை நம்ம பேர்ல கூப்பிடுறாங்க.

குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, பல் விளக்கவும் பாட்டில் தண்ணிதான். இன்னொண்ணு, பெரியவங்க கேக்கத் தயங்குவாங்க, நானே சொல்லிடுறேன். கழிவறையில தண்ணிக் குழாய் இருக்காது. பல இடத்துல காகிதத்தையும் உள்ள போடக்கூடாது, பக்கத்துக் கூடையில போடணும். ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில வச்சுக்கோங்க.

கடல், செனோதே

நம்ம மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவங்க நாம. கிணத்துத் தண்ணி நம்மை இழுக்காது, கடல் இழுக்கும். அதனால நீச்சல் தெரியும்கிற தைரியம்தான் ஆபத்து. கரையில கொடி பறக்கும். பச்சைன்னா இறங்கலாம், மஞ்சள்னா கவனம், சிவப்புன்னா அபாயம், கறுப்புன்னா இறங்கவே கூடாது. நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்ற கணக்கு, பச்சை இல்லைன்னா கால் நனைக்கிறதோட சரி. கான்கூன் ஹோட்டல் வரிசையில கிழக்கு பார்த்த கரைகள்ல இழுப்பு அதிகம். குழந்தைகளுக்கு வடக்கு பார்த்த கரைகளோ, படகுல போற இஸ்லா முஹேரெஸ் தீவோட பிளாயா நோர்தே கரையோ நல்லது. அங்க தண்ணி ஆழமில்லாம அமைதியா இருக்கும். இழுப்புல மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்கு வாங்க.

செனோதேன்னு ஒண்ணு காட்டுவாங்க. சுண்ணாம்புப் பாறையோட கூரை இடிஞ்சு உண்டான இயற்கைக் கிணறு. யுகாத்தான் வடபகுதியில ஆறே கிடையாது, மழைத்தண்ணி எல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கிடும். மாயா மக்களுக்கு இதுதான் குடிதண்ணி. நம்ம அரியலூர்ப் பக்கமும் சுண்ணாம்புப் பாறைதான், சிமெண்ட் ஆலைங்க வந்ததே அதனாலதான். சுரங்கக் குழிகள்ல மழைத்தண்ணி நின்னு எத்தனை உயிரை வாங்கியிருக்குன்னு நமக்குத் தெரியும். அதே மாதிரி செனோதேவும் ஓரத்துலயே ஆழம், நிக்க இடம் இருக்காது. உயிர்காப்பு ஜாக்கெட் போடாம யாரும் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிஞ்சாலும்தான். உடம்புல களிம்பு தடவிட்டு இறங்க விடமாட்டாங்க, குளிச்சிட்டு இறங்கச் சொல்வாங்க. குடிதண்ணியைக் கெடுக்கக் கூடாதில்ல.

பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கு. 2009ல நம்ம செந்துறை ஓடையில டைனோசர் முட்டை கொத்துக் கொத்தாக் கண்டுபிடிச்சாங்க, சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். டைனோசர் அழிஞ்சதுக்கு முக்கியக் காரணமாச் சொல்ற விண்கல் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி விழுந்த இடம், இதே யுகாத்தான் கரையில இருக்கிற சிக்சுலுப். அந்தப் பள்ளம் இப்ப மண்ணுக்கடியில புதைஞ்சிருக்கு. மெரிதா நகரப் பக்கம் செனோதேக்கள் வளையமா அமைஞ்சிருக்கிறது அந்தப் பள்ளத்தோட விளிம்புலதான். முட்டை நம்ம ஊர்ல, அடி விழுந்தது அங்க. பிள்ளைங்க கண்ணை அகல விரிச்சுக் கேட்கும்.

சிச்சென் இட்சாவும் ஒரு மணி நேரமும்

கான்கூன்லேருந்து சுமார் 200 கிலோமீட்டர்ல சிச்சென் இட்சா. மாயா மக்களோட பிரமிடு, 1988லேருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மேல ஏற இப்ப அனுமதி இல்ல. நிழல் குறைவு, அதனால காலையில 8 மணிக்குத் திறந்ததும் போயிடுங்க. கான்கூன் கின்தானா ரோ மாநிலம், சிச்சென் இட்சா யுகாத்தான் மாநிலம். ரெண்டுக்கும் கடிகாரத்துல ஒரு மணி நேரம் வித்தியாசம். அங்க சாயங்காலம் 5 மணின்னா கான்கூன்ல 6. அன்னைக்கு ராத்திரியே விமானம் வச்சிருந்தீங்கன்னா இந்த ஒரு மணி நேரம் உங்களைக் கவுத்துடும். கிளம்புற நாள்ல தூரப் பயணம் வேண்டாம்.

பணம்

மெக்சிகோவுல பேசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுவாங்க. 200ன்னு போட்டிருந்தா பேசோவா டாலரான்னு கேளுங்க. கார்டு மெஷின், ஏ.டி.எம். ரெண்டும் "உங்க நாட்டுப் பணத்துல கணக்குப் போடட்டுமா?"ன்னு கேட்கும். வேண்டாம்னு அழுத்துங்க, பேசோவுலயே போகட்டும். கான்கூன் ஏர்போர்ட்ல வெளியில வர்ற வழியில, யூனிஃபார்ம் மாதிரி உடுப்புப் போட்டவங்க "டாக்ஸியா? இலவச டூரா?"ன்னு கூப்பிடுவாங்க. பலர் டைம்ஷேர் விக்கிறவங்க. காலைச் சாப்பாடு இலவசம்னு கூட்டிட்டுப் போய் அரை நாள் உக்கார வச்சு கையெழுத்துக் கேப்பாங்க. நிக்காம நடங்க. வண்டியை முன்னாடியே பதிவு பண்ணுங்க, இல்ல ஆ.தே.ஓ. பஸ் இருக்கு, ஊருக்குள்ள கொண்டு விடும். டிப்ஸ் மெக்சிகோவுல 10லேருந்து 15 சதவீதம். கோஸ்டா ரிகாவுல 10 சதவீதம் பில்லுலயே சேர்ந்திருக்கும், பார்த்துட்டு வைங்க.

திரும்பி அமெரிக்கா வரும்போது பழம், விதை, பச்சைக் கருவேப்பிலை இதெல்லாம் கொண்டு வராதீங்க. எந்தத் தின்பண்டம் இருந்தாலும் படிவத்துல இருக்குன்னு சொல்லிடுங்க. சொன்னா எடுத்துப் போட்டுட்டு விட்டுடுவாங்க. சொல்லாம மாட்டினாத்தான் அபராதம்.

கடைசியா ஒரு வார்த்தை

இதையெல்லாம் கேட்டுட்டு "இவ்வளவு இருக்கா, வேண்டாம்ப்பா, நான் வீட்டுலயே இருக்கேன்"னு சில அம்மாக்கள் சொல்வாங்க. அதுக்காக நான் பேசல. வாழ்க்கை முழுக்கப் பிள்ளைங்க படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஓடினவங்க நீங்க. போங்க. ஆனா பிள்ளை பார்த்துக்குவான்னு எல்லாத்தையும் அவன் தலையில போட்டுட்டுப் போகாதீங்க. உங்க பாஸ்போர்ட், உங்க விசா தேதி, உங்க மாத்திரைப் பேர், தங்குற இடத்து முகவரி, இந்த நாலும் உங்க கையில ஒரு சீட்டுல இருக்கட்டும். கூட்டத்துல தனியா நின்னாலும் அந்தச் சீட்டு உங்களைக் கொண்டு போய்ச் சேர்க்கும்.

பிள்ளைங்க கேட்டுட்டு இருந்தா அவங்களுக்கு ஒண்ணு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரோட பாஸ்போர்ட்டையும் மேசை மேல விரிச்சு வச்சு, ஒவ்வொரு தேதியாப் பாருங்க. அப்பா அம்மாவுதை மட்டும் பார்த்தா போதாது, உங்களதையும் பாருங்க.

உங்களுக்குக் கேள்வி இருந்தா அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல பேசலாம்.